கேடயத்தில் ஒரு சித்திரம்

மேசையின்மீது குட்டிச் சைனியங்களை அணிவகுத்து யுத்தம் நடத்தும் விநோதம் மேல்நாட்டாருக்கு நெடுநாள் பழக்கம், எச். ஜி. வெல்ஸ் 1913-இல் இதற்கென்றே ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு நூல் எழுதினார். இன்று பெரிதும் வழங்கும் 28 மில்லிமீட்டர் பொம்மைகளில், பண்டைக் கிரேக்கத்துக் காலாளான ஹாப்லைட்டைப் போலக் கண்ணைக் கவர்வது வேறில்லை என்பது என் அபிப்பிராயம். காரணம் அவன் ஏந்திய வட்டக் கேடயமே. ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள அக்கேடயம், பொம்மையின் கையில் 16 மில்லிமீட்டராய், சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிதாய்க் குறுகிவிடுகிறது. அத்தனை சிறிய வட்டத்தில் கிரேக்கப் புராணத்து அரக்கி மெடூசாவின் கோரமுகத்தைத் தூரிகையால் தீட்டுவது எல்லோருக்கும் கைவருவதன்று. ஆகையால் மெல்லிய படலத்தில் அச்சிட்டு விற்கும் டிரான்ஸ்ஃபர்களை நாடுகிறார்கள்.

நடுவில் குவிந்து விளிம்பில் தட்டையாக விரியும் இக்கேடயத்தின்மேல் தட்டையான படலத்தைப் படியவைத்தால் ஓரத்தில் மடிப்பு விழுவது க்ஷேத்திர கணிதத்தின் நியதி. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி இரண்டோர் இடத்தில் கீறிவிட்டு, பிற்பாடு அந்தக் கீறல்களை வர்ணத்தால் மறைக்கிறார்கள். அதற்கும் முன்னதாக, வர்ணம் பூசிய கேடயத்துக்குப் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்து உலரவிட வேண்டும். சொரசொரப்பான பரப்பானால் படலத்தினடியில் காற்று தங்கி, காய்ந்தபின் வெள்ளி பூத்தாற்போல் வெளிறிக் காட்டும். படலம் ஒட்டியிருக்கும் காகிதத்தை நீரில் நனைத்து, அதினின்று படலம் தானே நழுவும்வரை பொறுத்திருந்து, ஈரத்தூரிகையால் அதைக் கேடயத்தின்மேல் நகர்த்தி, நீரை ஒற்றியெடுத்து, படலத்தை இளக்கும் திரவத்தைத் தடவினால், அது முதலில் சுருங்கிப் பயமுறுத்தும். அச்சமயம் விரலால் தொடுவது மகாபாதகம். சும்மா விட்டுவிட்டால் தானே படிந்துவிடும். மங்கல் வார்னிஷ் பூசிப் பளபளப்பை அடக்குவதோடு வேலை முடிந்தது.

ஆனால் வரிசை முழுவதற்கும் ஒரே சின்னத்தை ஒட்டிவிடும் வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. கி.மு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த, ரோமாபுரியில் இப்போதுள்ள கீஜி என்னும் கிரேக்க ஜாடியில் அணிவகுத்து நிற்கும் வீரர்களின் கேடயங்களில் சின்னங்கள் வெவ்வேறாகவே காண்கின்றன. அவரவர் மனம்போல வரைந்துகொண்ட காலம் அது. ஸ்பார்ட்டா நகரத்தின் மறுபெயருக்கு முதலெழுத்தான லாம்டாவுக்குக் கிடைக்கும் சான்றோ கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, கி.மு. 480-இல் பாரசீகரை எதிர்த்துத் தெர்மோபிலேயில் மாண்ட ஸ்பார்ட்ட வீரர்களுக்கு அதைத் தாராளமாக ஒட்டுகிறவர்கள் சினிமாவை நம்புகிறவர்கள். நகரத்தின் முதலெழுத்தைத் தாங்கும் வழக்கம் வந்தபின் அதனால் விபரீதமும் விளைந்தது. கி.மு. 392-இல் கொரிந்து நகரின் நெடுஞ்சுவர்களருகே, பாசிமாக்கஸ் என்னும் ஸ்பார்ட்டத் தளபதி, தம் பக்கம் நின்று தோற்றோடிய சிக்கியோன் நகரத்தாரின் சிக்மா எழுத்துப் பொறித்த கேடயங்களைத் தம் ஆட்களுக்குக் கொடுத்துக் களம் புகுந்தாரென்றும், எதிரே வந்த ஆர்கோஸ் படையினர் அந்த எழுத்தைக் கண்டு அலட்சியமாக நெருங்கினரென்றும் கிரேக்க சரித்திராசிரியர் செனபோன் எழுதுகிறார். இந்தச் சண்டையை மேசையில் நடத்துகிறவர் ஸ்பார்ட்ட வீரர் சிலருக்குச் சிக்மாவையே ஒட்டவேண்டும்; விஷயம் தெரியாதவர் பிழையென்று குறை சொன்னால் சொல்லட்டும்.

தன் கேடயத்தில் மெய்யளவில் ஒரே ஓர் ஈயை எழுதிக்கொண்ட ஸ்பார்ட்டன் ஒருவனைப் பற்றியும் பண்டைக் கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் சொல்லுகிறார். ஒளிந்துகொள்ளவே இப்படிச் செய்தாயோ என்று பரிகசித்தவர்களுக்கு, பகைவர் ஈயைக் காணுமளவுக்கு நெருங்கிச் செல்வதே தன் வழக்கமென்று அவன் விடை கூறினானாம். பொம்மையின் அளவுக்கு அந்த ஈயைக் குறுக்கினால் ஒரு மில்லிமீட்டரில் ஏழெட்டில் ஒரு பங்குதான் தேறும். அவனுக்கு மட்டும் டிரான்ஸ்ஃபர் வேண்டியதில்லை. வெறுங்கேடயத்தைக் கொடுத்து, ஈ இருக்கிறதென்று சாதித்துவிடலாம்.