பிள்ளைகளின் படகு உடையாமல் இருக்க காபன் நார்

கோடை தொடங்கியதும் இங்குள்ள குளக்கரைகளில் ரிமோட் படகு ஓட்டுபவர்களைக் காணலாம். முன்பு வயது போன வெள்ளைக்காரர்கள் மட்டும் நிற்பார்கள். இப்போது எமது பிள்ளைகளும் நிற்கிறார்கள். இரண்டு ஷிப்ற் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்குப் பிள்ளையுடன் இருக்கக் கிடைப்பதே அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான். ஆனால் பழைய சாமான் சந்தையில் மலிவாக வாங்கிய படகு இரண்டாம் தடவை ஓடும்போதே அடியில் வெடிப்பு விட்டு, பிறகு கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. எங்களில் சிலர் பைபர் வேலை நடக்கும் தொழிற்சாலைகளில் இருப்பதால், "காபன் போட்டால் உடையாதாமே?" என்ற கேள்வி எங்களிடம் அடிக்கடி வருகிறது.

ஊரில் பைபர் போட் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. கண்ணாடி நாரைப் பரப்பி, அதன் மேல் பசை பூசி, காயவிட்டுச் செய்வது. காபன் நாரும் அதே முறைதான். ஒரு நூல் சுமார் 7 மைக்கிரோன் தடிப்பு, தலைமயிரை விட எத்தனையோ மடங்கு மெல்லியது. சாதாரண காபன் நார் கண்ணாடி நாரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது, அதோடு பாரமும் குறைவு. இதை வைத்து எல்லோரும் காபன்தான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. கண்ணாடி நார் அறுவதற்கு முன் ஓரளவு இழுபட்டுக் கொடுக்கும். காபன் அப்படிக் கொடுக்காது, சடாரென்று முறியும். ஆகவே கல்லில் மோதும் அணியத்துக்குக் கண்ணாடி நாரே நல்லது, விலையும் மலிவு. வளையக் கூடாத, முறுகக் கூடாத இடத்துக்குத்தான் காபன்.

அந்த இடங்கள் எவை? ஏரா ஓடும் நடு அடிப்பகுதி, மோட்டோர் பூட்டிய இடம், புறொப்பெல்லர் தண்டு வெளியே வரும் குழாயைச் சுற்றி, சுக்கான் பூட்டிய பின்பலகை. மோட்டோர் வேகமாகச் சுற்றும்போது அடிப்பக்கம் முறுகினால் தண்டு நேராக நிற்காது. அதிர்வு வரும், குழாயடியில் வெடிக்கும், தண்ணீர் ஏறும். நாங்கள் திறந்து பார்த்த படகுகளில் கூடுதலானவை அந்த இடத்தில்தான் விட்டிருந்தன.

படகு முழுவதற்கும் துணி ஒட்ட வேண்டியதில்லை. மரக்கலம் கட்டிய எமது ஆட்கள் பலகையைத் தடிப்பாக்கவில்லை, உள்ளே வங்கு வைத்தார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. (பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.) அதே யோசனைதான் இங்கும். ஏரா நீளத்துக்கு ஒரு பட்டி, மோட்டோருக்குக் கீழே குறுக்காக ஒரு பட்டி. முறுகலைத் தடுக்க, துணியின் நூல்கள் 45 பாகை சரிவில் வரும்படி வெட்டிய இரண்டு பட்டிகள். பட்டிகள் எல்லாம் ஒரே கோட்டில் முடியக் கூடாது. ஒன்று குறுகலாக, அடுத்தது கொஞ்சம் நீளமாக, படி போல முடிய வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த விளிம்பிலேயே அடுத்த வெடிப்பு வரும்.

கணக்கையும் பாருங்கள். சதுர மீற்றருக்கு 200 கிறாம் உள்ள துணியில் பத்தில் ஒரு சதுர மீற்றர் போதும் என்றால் துணி 20 கிறாம், பசையும் ஏறத்தாழ அதே 20 கிறாம். ஆக 40 கிறாம்தான் கூடும். பசையைக் கூட ஊற்றினால் பலம் கூடாது, பாரம்தான் கூடும். துண்டுத் துணிகள் தொழிற்சாலைகளில் குப்பைக்குப் போவதுண்டு. போர்மனிடம் கேட்டு எடுங்கள், கேளாமல் எடுக்க வேண்டாம். ஒரு முழத் துணிக்காக வேலையைக் கேள்விக்குறி ஆக்கக் கூடாது.

வாங்கிய படகு என்ன பிளாஸ்ரிக் என்று முதலில் பார்க்க வேண்டும். மெழுகு போல வழுக்கும் பொலித்தீன் வகை என்றால் எந்தப் பசையும் பிடிக்காது, காசை வீணாக்க வேண்டாம். கடினமான ஏபிஎஸ் என்றால் 80 ஆம் இலக்க அரத்தாளால் உள்ளே நன்றாக உரசி, தூசியைத் துடைத்து, அற்ககோலால் கழுவிய பின் ஒட்டலாம். பைபர் உடம்புக்கும் இதே உரசல்தான். துணியை வெட்ட முன் வெட்டும் கோட்டில் கடதாசி ரேப் ஒட்டி, ரேப்பின் நடுவால் வெட்டினால் நூல் பிரியாது.

இனிச் சொல்வதைத் தாய்மாரும் வாசிக்க வேண்டும். ஊரில் போட்டுக்குப் பூசிய பொலியெஸ்ரர் பசை மூக்கைத் துளைக்கும், அதனால் எல்லோரும் தள்ளி நின்றார்கள். இந்த வேலைக்கு எடுக்கும் எபொக்சியில் மணம் குறைவு. அதனால்தான் ஆபத்து. வெறுங் கையில் தொடர்ந்து பட்டால் தோல் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்தால் அது வாழ்நாள் முழுக்கத் தொடரும். பைபர் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவருக்கு அது வந்தால் அந்த வேலைக்கே திரும்ப முடியாமற் போகும். நைத்திரைல் கையுறை போடுங்கள். கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அசிற்றோனால் தோலைத் துடைக்க வேண்டாம். சமையல் பாத்திரமும் சமையல் தராசும் இதற்கு வேண்டாம். கலக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். வெட்டுவது, அளப்பது, ரேப் ஒட்டுவது அவனுடைய வேலையாக இருக்கட்டும்.

இரண்டு திரவத்தையும் பேணியில் எழுதிய அளவுப்படியே நிறுத்துக் கலக்க வேண்டும். கடினமாக்கியைக் கூட விட்டால் கெதியாகக் காயும் என்பது பிழை, அது சரியாக இறுகாமலே போகும். கலந்ததைக் கோப்பையில் குவியலாக விட்டால் சூடேறிப் புகைக்கும். அகலமான தட்டில் ஊற்றி, தூரிகையால் துணி கறுத்து நனையும் வரை தட்டித் தட்டிப் பூசுங்கள்.

20 பாகைக்குக் குறைந்த குளிரில் பல பசைகள் மிக மெதுவாகத்தான் இறுகும். மாரியில் யன்னலைப் பூட்டிக்கொண்டு படுக்கையறையில் செய்வதை விட வைகாசி வரை பொறுப்பது நல்லது.

காய்ந்தபின் உரசும்போது தண்ணீர் தொட்டு உரசினால் தூசி பறக்காது. முகமூடியும் வேண்டும். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்காதீர்கள். காபன் தூசி மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே வேலை முழுவதும் முடிந்து கழுவித் துடைத்த பின்தான் மின் சாமான்களைப் பூட்ட வேண்டும். மின்சாரத்தைக் கடத்துவதால் இன்னொரு தொல்லையும் உண்டு. காபன் வானொலி அலையையும் மறைக்கும். இப்போதைய 2.4 கிகாஹேட்ஸ் ரிமோட் என்றால் வாங்கியின் அன்ரெனா நுனியை ஒரு பிளாஸ்ரிக் குழாய்க்குள் விட்டு மேல்தட்டுக்கு மேலே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் படகு குளத்தின் நடுவில் நின்றுவிடும். பழைய சந்தையில் 35 மெகாஹேட்ஸ் ரிமோட் மலிவாகக் கிடைத்தால் வாங்க வேண்டாம். ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் அது பறக்கும் மாதிரிகளுக்கு ஒதுக்கியது. கடலில் ஓட்டுபவர்கள் அலுமினியமும் காபனும் நேரடியாகத் தொடாதபடி இடையில் ஒரு படை கண்ணாடி நார் போடுங்கள். உப்புத் தண்ணீரில் அலுமினியம் அரித்துப் போகும்.

அடுத்த நாள் தொட்டால் கல்லுப் போல இருக்கும், ஆனால் முழுப் பலம் வரப் பொதுவாக ஒரு கிழமை எடுக்கும். அதற்குள் குளத்துக்குப் போகக் கேட்டு அழுவார்கள். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பற்றரியையும் மோட்டோரையும் உரிய இடத்தில் வைத்து மிதக்கவிட்டுக் காட்டுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் பற்றரியை ஒரு விரல் முன்னுக்குத் தள்ளுங்கள். கூடின 40 கிறாம் எங்கே இருக்கிறது என்பது அப்போது தெரியும்.