அன்னையர் தினமும் ஏலமலை அன்னையரும்

மே மாதம் நம் இல்லங்களில் தேவதாயின் வணக்க மாதம். அம்மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அண்மைக் காலத்தில் 'அன்னையர் தினம்' என்னும் பெயரையும் பெற்றுள்ளது. அன்று போடிநாயக்கனூரில் கேக் வாங்குவோர் உண்டு. கைப்பேசிகளிலோ அன்னையரின் படங்களும் வாழ்த்துகளும் நிறைந்து வழிகின்றன. அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதற்காக ஒன்றை வெறுத்து ஒதுக்குவதும், கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் அறிவுடைமை ஆகா. எனவே, அந்நாளின் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வோம்.

மேற்கு வர்ஜீனியாவில் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்னும் பெண்மணி வாழ்ந்தார். தாம் பெற்ற மக்களில் பலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர் அவர். அத்துயரோடு முடங்கிவிடாது, சுற்றுப்புறத் தாய்மாரைத் திரட்டிச் சங்கங்கள் அமைத்தார். சுகாதாரத்திற்காகவும் குழந்தைகளின் நலனுக்காகவும் உழைத்தார். உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின், 1868-இல், பகைத்து நின்ற இரு தரப்புக் குடும்பங்களையும் ஒன்றாகக் கூட்டினார். 1905-இல் அவர் மறைந்தார். அவருடைய மகள் அன்னா, 1908 மே 10 அன்று கிராஃப்டன் நகர மெத்தடிஸ்ட் ஆலயத்தில் நினைவு வழிபாடு நடைபெற ஏற்பாடு செய்து, வெண்ணிறக் கார்னேஷன் மலர்கள் ஐந்நூறு அனுப்பிவைத்தார். 1914-இல் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இதனை நாடு தழுவிய நாளாக அறிவித்தார்.

பின்னர் நிகழ்ந்ததே நாம் கருத வேண்டியது. பூ வணிகரும், மிட்டாய் வணிகரும், வாழ்த்து அட்டை அச்சிடுவோரும் அந்நாளைத் தமதாக்கிக் கொண்டனர். கைப்படக் கடிதம் எழுதச் சோம்பியவர்களே அச்சிட்ட அட்டையை அனுப்புகின்றனர் என்று அன்னா மனம் கசந்தார். தாம் தோற்றுவித்த நாளையே நீக்கிவிடப் போராடி, கைப்பொருளையெல்லாம் அதிலேயே இழந்து, 1948-இல் மருத்துவ இல்லமொன்றில் உயிர் நீத்தார்.

வணிகத்தின் போக்கு இதுவே. ஏழைகளுக்கு வாரி வழங்கிய மீரா நகர் ஆயர் புனித நிக்கொலாஸ் கடை வாயிலில் நிற்கும் கிறிஸ்மஸ் தாத்தா ஆனார். வேதசாட்சியான புனித வாலண்டைனின் திருநாள் பரிசுப் பொருள் விற்கும் நாளாயிற்று. ஏலக்காயின் மணம் உள்ளிருக்கும் விதையில் உள்ளது என்பதை நம் மக்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. தோலுக்குப் பச்சைச் சாயம் ஏற்றினால் பார்வைக்கு அழகாகத் தோன்றலாம், மணம் வந்துவிடுமா?

நம் ஏலமலைத் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, சமைத்து, தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு அப்பால் இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குச் செல்கிறார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. அடியில், தரையை ஒட்டிய சரங்களில் காய்ப்பது. ஆகவே காயெடுப்புக் காலத்தில், மழையிலும் அட்டைக்கடியிலும், நாள் முழுதும் முதுகு வளைத்தே முற்றிய காய்களைத் தேர்ந்து பறிக்க வேண்டும். பொழுது சாய்ந்து வீடு திரும்பும் தாய்க்கு மீண்டும் அடுப்பும் தண்ணீர்க் குடமும் காத்திருக்கின்றன. அவளது படத்தைக் கைப்பேசியில் வைத்த மகன், உணவு ஆயத்தமாகவில்லை என்று அவளையே கடிந்துகொள்வானாயின், அவ்வாழ்த்துக்குப் பொருள் என்ன? அவளது கூலியைக் கணவன் மதுக்கடையில் கொடுத்துவிட்டு வருவானாயின், அந்தக் கேக் இனிக்குமா?

கடவுளுக்குக் காணிக்கையாயிற்று என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை நம் ஆண்டவர் வன்மையாகக் கண்டித்ததை மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இறைவனுக்குச் செலுத்தும் காணிக்கையே பெற்றோரைப் பேணும் கடமைக்கு ஈடாகாதெனில், கடையில் வாங்கிய பரிசு எவ்வாறு ஈடாகும்? அவரோ சிலுவையில் தொங்கிய வேளையிலும் தம் அன்னைக்கு ஓர் இல்லம் அமைத்துக் கொடுத்தார். நான்காம் கட்டளை ஆண்டுக்கு ஒரு நாளை மட்டும் குறித்ததன்று.

ஆகவே அன்பார்ந்த குடும்பத்தாரே, அந்நாளைக் கொண்டாட விரும்பினால் நன்றாகவே கொண்டாடுங்கள். ஆனால் கடன் வாங்கிக் கொண்டாட வேண்டாம். அம்மா மலையிலிருந்து இறங்கி வருமுன் மகனோ மகளோ உலை வைக்கட்டும். கணவர் தண்ணீர் எடுத்து வைக்கட்டும். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் தாய்க்குத் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதட்டும். எழுத்தறியாத தாயாயின் பேரப்பிள்ளை படித்துக் காட்டட்டும். இரவில் குடும்பமாகச் செபமாலை சொல்லுங்கள். மறுநாள் திங்கட்கிழமையும் அவ்வாறே செய்யுங்கள். திங்கட்கிழமைக்கும் நீடிக்கும் அன்பே தேவதாய்க்கு உகந்த வணக்கமாகும்.