புண் ஆற வேண்டுமானால் செல்கள் நகர வேண்டும்

செல் ஆய்வகங்களுக்கு வரும் சின்னக் குப்பி ஒன்றைப் பற்றிய குறிப்பு இது. உள்ளே ஈரம் போக உறைய வைத்து உலர்த்திய பொடி, வெறும் 100 மைக்ரோகிராம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் பல சமயம் கண்ணுக்குத் தெரியாது. லேபிளில் ‘ரீகாம்பினன்ட் ஹ்யூமன் ஈஜிஎஃப்’ என்றும், கீழே ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்றும் போட்டிருக்கும்.

ஈஜிஎஃப் என்றால் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். இரண்டு வாரம் ஆகவேண்டிய கண்திறப்பு ஒரே வாரத்தில் நடந்துவிட்டது! அந்தச் சாற்றிலிருந்த புரதத்தைப் பிரித்தெடுத்து 1962இல் வெளியிட்டார். 1986இல் ரீட்டா லெவி மொண்டால்சினியோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

நம் உடம்பிலும் இதே வேலையைச் செய்கிற புரதம் உண்டு. மொத்தம் 53 அமினோ அமிலங்கள், நடுவே மூன்று கந்தகப் பாலங்கள். இந்தப் பாலங்கள் சரியான இடத்தில் பூட்டிக்கொள்ளாவிட்டால் புரதம் இருந்தும் பிரயோஜனமில்லை. மனித ஜீனை ஈகோலை பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ வைத்துத் தயாரிக்கிறார்கள். பாக்டீரியாவின் உட்சூழலில் பாலங்கள் எளிதில் உருவாகாது. அதனால் புரதத்தைச் செல்லின் வெளிப்பக்கம் அனுப்புவார்கள், இல்லையென்றால் பிரித்தெடுத்த பிறகு மறுபடி மடித்து எடுப்பார்கள்.

சரி, அது வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இடைவெளியே இல்லாமல் தோல் செல்கள் வளர்ந்த தட்டில், பைப்பெட் டிப்பால் நேராக ஒரு கோடு கீறுவார்கள். மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் போல ஈஜிஎஃப் சேர்த்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை படம் எடுப்பார்கள். இந்தக் கணக்குக்கு ஒரு குப்பி 10 லிட்டர் திரவத்துக்கு வரும். கோட்டின் இரு கரையிலும் இருக்கிற செல்கள் முன்பக்கத்தை நீட்டி, தரையைப் பற்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு மெல்ல உள்ளே வரும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. நடவு வயலில் நாற்று செத்துச் சொட்டை விழுந்தால் அது இரண்டு விதமாக மறையும். பாடுவாசி நிரப்புவதென்றால் வேறிடத்து நாற்றைக் கொண்டுவந்து நடுகிறோம். அப்படியே விட்டாலும் பக்கத்துக் குத்துகள் தூர் கட்டி ஓரளவு மறைத்துவிடும். வரப்பில் நின்று பார்த்தால் எது நடந்தது என்று தெரியாது. தட்டிலும் அதே கதைதான். செல்கள் நகர்ந்து வந்து மூடினவா, பெருகி மூடினவா? இதைப் பிரிக்கத்தான் மைட்டோமைசின் போன்ற மருந்தால் செல் பிரிவதை முதலில் நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகும் கோடு மூடினால் அது நகர்வு.

டெல்டாக்காரர்களுக்கு இது வெறும் தட்டு விளையாட்டு இல்லை. நடவிலும் களையிலும் மணிக்கணக்காகச் சேற்றில் நிற்கிற கால்கள் நம்முடையவை. சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்து வைத்தே பழகியவர்கள் நாம். ஆனால் சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப்போனவருக்கு முள் குத்தியதே தெரியாது. அந்தப் புண்ணில் தோல் செல்கள் கரையிலேயே நின்றுவிடுகின்றன.

இதை வைத்து மருந்தும் வந்திருக்கிறது. ஹைதராபாத் பாரத் பயோடெக்கின் ‘ரீஜென்-டி’ ஜெல்லில் இருப்பது இதே ஈஜிஎஃப். சென்னை எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையின் டாக்டர் விஜய் விஸ்வநாதனும் மற்றவர்களும் அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவை 2006இல் வெளியிட்டார்கள். ஜெல் தடவியவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறியிருந்தது. தஞ்சாவூரிலேயே சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில், செல்கள் பற்றி வளர்வதற்கான நானோ இழைகளைச் செய்து பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னபோது எங்கள் பெரியப்பா கேட்டார்: “ஏம்ப்பா, அந்தப் பொடியையே வாங்கிக் கால்ல போட்டா என்ன?”

கூடாது. குப்பியில் இருப்பது ஆய்வுத் தரம். மருந்துக்குரிய கிருமியின்மை, பாதுகாப்புச் சோதனைகளுக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆறாத புண்ணில் புரதத்தை வெட்டும் நொதிகள் நிறைந்திருக்கும், போட்டதைத் தின்றுவிடும். ஆய்வகத் தட்டில் சீழ் இல்லை, உடம்பு எடை அழுத்துவதில்லை, ரத்த ஓட்டம் குறைவதுமில்லை. காலில் இவை மூன்றும் உண்டு. அதனால்தான் செத்த சதையை நீக்கி, தொற்றை அடக்கி, அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் ஜெல்லுக்கு வேலை. இன்னொன்று: செல்லை நகரச் சொல்லும் இதே சமிக்ஞையைப் பல புற்றுநோய்களும் பயன்படுத்திக்கொள்கின்றன. புற்றுக்கட்டி உள்ள இடத்தில் இது விபரீதம்.

பெரியப்பாவிடம் கடைசியில் சொன்னது இதுதான்: வயலிலிருந்து வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கு ஈரத்தைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். புண் தெரிந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். குப்பியில் இருப்பது எதுவும் அதற்கு ஈடாகாது.