15 வயதைத் தாண்டிய காருக்கு என்ன செய்ய வேண்டும்?

சென்னையில் மாருதி 800 விற்பனை 2010 ஏப்ரலோடு நின்றது. பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி முதலில் அமலான 13 நகரங்களில் சென்னையும் ஒன்று. மற்ற ஊர்களுக்காக 2014 ஜனவரி வரை வண்டி தயாரானது. ஆக, சென்னைக்காரர்கள் உள்ளூரில் புதிதாக வாங்கிய கடைசி 800-கூட இப்போது 15 வயதை எட்டிவிட்டது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டியாக வேண்டும். புதுப்பித்தால் 5 ஆண்டு செல்லும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025-இல் அதுவும் 10,000 ஆனது. பசுமை வரி தனி.

இத்தனையும் கட்டி வைத்துக்கொள்ளும் வண்டி இன்னும் சில ஆண்டுகள் நல்லபடியாக ஓடுமா? ஓடும். ஆனால் பழைய வண்டி என்றதும் "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்று மட்டும் கேட்பது போதாது. நேரத்துக்கு ஆயில் மாற்றினால் இன்ஜினின் இரும்பு மெதுவாகத்தான் தேயும். ரப்பரும் திரவங்களும் அப்படியில்லை. வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் கெடும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கும் கார், தினமும் ஓடும் காரைவிட அதிகம் படுத்துவது இதனால்தான். பக்கத்துக் கடைவரை போய்த் திரும்பும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடேறாது. ஆயிலில் கலந்த ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடும். அதனால் ஆயிலுக்குக் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் வேண்டும்.

நம் ஊர் வெயிலில் முதலில் பார்க்க வேண்டியது கூலிங். 800-இன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் அது வளையும், கேஸ்கெட் போகும், பிறகு கூலன்ட்டும் ஆயிலும் கலக்கும். இதற்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானது: வெடித்த ஹோஸ், இறுகாத ரேடியேட்டர் மூடி, ஓடாத ஃபேன். அந்த மூடி வெறும் மூடியல்ல. அது கட்டிவைக்கும் அழுத்தத்தால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதிலுள்ள உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைத்துவிடும். கூலன்ட்டும் கனிமம் நீக்கிய தண்ணீரும்தான் சரி. "நம்ம ஊருக்கு இது எதுக்கு சார்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அது இல்லாத இன்ஜின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோலும் வீண், தேய்மானமும் கூடுதல். முள் ஏறுவது தெரிந்தால் வீடு வந்துவிட்டது என்று ஓட்டாமல் ஓரம் கட்டுங்கள். சூடு ஆறும்வரை மூடியைத் திறக்க வேண்டாம்.

அடுத்தது பிரேக். டாட் 3 பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 வரை இறங்கலாம். மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் அப்படியே உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். செலவு பெரிதல்ல, ஆனால் யாரும் செய்வதில்லை.

டயருக்கும் வயது உண்டு. பக்கவாட்டில் உள்ள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத பழைய கார் வாங்கினால், கேள்வியே வேண்டாம், மாற்றிவிடுங்கள். சில இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வுகள் வளைந்து, செலவு பல மடங்காகும்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்பது புதுக் கவலை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் பாகங்கள்தான் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பழைய வண்டியின் பெட்ரோல் ஹோஸையும் கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களையும் அடிக்கடி பார்க்க வேண்டும்; பெட்ரோல் வாசனை வந்தால் அலட்சியம் கூடாது. எத்தனாலும் ஈரம் இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது இப்போது முன்பைவிடக் கெடுதல்.

கடலோர ஊர்க்காரர்களுக்குத் துருதான் முதல் எதிரி. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளில் மண் அடைத்திருந்தால் குத்திவிடுங்கள். எஃப்.சி.க்குப் போகுமுன் மேலே பெயிண்ட் அடித்து, அடித்தகட்டை மறந்துவிடுகிறோம். மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பாகங்களுக்கு சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. கதவு, கண்ணாடி, மீட்டர் போன்றவற்றைப் புதுப்பேட்டையில் பழையதாகவே வாங்கலாம். பிரேக் சிலிண்டர், ஹோஸ், பெல்ட், ஸ்டியரிங் பாகம் எதுவானாலும் பெட்டி பிரிக்காத புதியதாகவே வாங்குங்கள்.