ஒரே ராத்திரியில் சாம்பலான 'கனவு உலகம்'! கண்ணாடி பெட்டி குழந்தைகள் தப்பியது எப்படி?

நியூயார்க் நகரத்து தொழிலாளிகளுக்கு லீவு நாள் வந்தால் போக்கிடம் கோனி ஐலண்ட் கடற்கரைதான். அங்கு அடுத்தடுத்து 3 பெரிய பொழுதுபோக்கு பூங்காக்கள் இருந்தன. 3-வதாக 1904-ல் திறந்ததுதான் 'டிரீம்லேண்ட்'. அதாவது கனவு உலகம்.

பக்கத்தில் இருந்த லூனா பார்க்கை மிஞ்ச வேண்டும் என்றே கட்டினார்கள். 375 அடி உயர வெள்ளை கோபுரம். 10 லட்சம் மின்சார பல்புகள்!

டிக்கெட் வாங்கி பார்த்த குழந்தைகள்

சிங்கம், புலி, சறுக்கு படகு இவற்றோடு இன்னொரு காட்சியும் நடந்தது. குறைமாத குழந்தைகளை 'இன்குபேட்டர்' கண்ணாடி பெட்டியில் வைத்து, டிக்கெட் போட்டு காட்டினார்கள். நடத்தியவர் மார்ட்டின் கூனி.

அடப்பாவி என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அப்போது பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இந்த பெட்டியே கிடையாது. எடை குறைந்த குழந்தை என்றால் "பிழைக்காது" என்று கைவிட்டு விடுவார்கள். கூனியோ பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் டிக்கெட் பணத்தில்தான் நர்சுகளுக்கு சம்பளம், குழந்தைகளுக்கு பால் எல்லாமே. இத்தனைக்கும் அவர் முறைப்படி டாக்டருக்கு படித்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை!

நரக வாசலில் தீ

1911 மே 27, அதிகாலை. விடிந்தால் சீசன் ஆரம்பம். 'ஹெல் கேட்' (நரக வாசல்) என்ற படகு விளையாட்டில் தண்ணீர் ஒழுகியது. காய்ச்சிய தாரை ஊற்றி அடைத்துக் கொண்டிருந்தனர். திடீரென விளக்குகள் அணைந்தன. இருட்டில் தார் வாளியை யாரோ தட்டி விட்டதாக சொல்கிறார்கள். மரச்சட்டத்தில் சாந்து பூசிய கட்டிடங்கள். கேட்க வேண்டுமா? தீ மளமளவென பரவியது.

கூண்டுகளில் மிருகங்கள் கருகின. தப்பி ஓடிய ஒரு சிங்கம் உயரத்தில் ஏறிக்கொண்டது. போலீசார் சுட்டுக் கொன்றனர். குழந்தைகளும் செத்துப் போனதாக முதலில் செய்தி பரவியது. ஆனால் அத்தனை குழந்தைகளையும் பத்திரமாக வெளியே தூக்கி வந்து விட்டார்கள். மனித உயிர் ஒன்றுகூட போகவில்லை.

டிரீம்லேண்டை மறுபடி யாரும் கட்டவில்லை. அந்த இடத்தில் இப்போது இருப்பது 1957-ல் திறந்த நியூயார்க் மீன் காட்சியகம். ஆனால் கூனி விடவில்லை. கோனி ஐலண்டிலேயே 1943 வரை குழந்தை காட்சியை நடத்தினார். பிழைக்க வைத்தது சுமார் 6,500 குழந்தைகள் என்கிறார்கள்.

அவரது மகளும் குறைமாத குழந்தைதான். அதே மாதிரி பெட்டியில் வளர்ந்து, பின்னாளில் நர்சாகி, அப்பாவுடனே வேலை பார்த்தார்.