குடத்துக்குள் போகாத பெயர்கள்

குடவோலை என்றதும் உத்திரமேரூர் என்று சொல்லாத தமிழ்நாட்டு மாணவர் அரிது. கூடவே ‘சோழர் காலத்து மக்களாட்சி’ என்ற ஒரு வரியும் ஒட்டிக்கொண்டு வரும். பாடம் அத்தோடு முடிந்துவிடுகிறது. மண்குடமும் ஓலை நறுக்கும் வைத்து வகுப்பில் நடித்துக் காட்டும் ஆசிரியர்கள் உண்டு, பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம்தான். ஆனால் நாடகம் குடத்தில் கைவிடும் இடத்தில் தொடங்குகிறது. யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். வரலாற்று ஆசிரியருக்கு அதுவல்லவா விஷயம்?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு அந்தத் தகுதிகளை வரிசையாகச் சொல்கிறது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் வரி கட்டும் கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வயது 35க்கும் 70க்கும் இடையே இருக்க வேண்டும்; வேதப் படிப்பும் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில், அதாவது சபையின் நிர்வாகக் குழுவில், இருந்தவருக்கு இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை.

இதை எளிய தமிழில் அரைப்பக்கம் எழுதிப் படியெடுத்துக் கொடுத்தால் போதும். கூடவே ஆளுக்கொரு சீட்டு: நிலமுள்ள அந்தணர், குத்தகைக்கு உழுபவர், குயவர், கைம்பெண், எண்ணெய் வணிகர், கணக்குக் கொடுக்காதவரின் மைத்துனர். அரைக்கால் வேலி மட்டுமே உள்ள, ஒரு வேதமும் அதன் உரையும் கற்றவர் ஒருவரையும் சேர்க்கலாம். அவருக்குக் கல்வெட்டு விதிவிலக்கு தருகிறது, பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். தகுதி உள்ளவர் மட்டும் சீட்டைக் குடத்தில் போடலாம் என்றால் வகுப்பில் பெரும்பாலோர் சீட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ‘இது மக்களாட்சியா?’ என்று இப்போது கேட்டால் பதில் ஒரு வரியில் வராது. கணக்குக் கேட்டதும் சுழற்சி வைத்ததும் ஒரு பக்கம். இது பிரம்மதேய ஊரின், அதாவது அந்தணருக்குக் கொடையளிக்கப்பட்ட ஊரின் சபை, உழவர் ஊர்களுக்கு ‘ஊர்’ என்றும் வணிகருக்கு ‘நகரம்’ என்றும் வேறு அவைகள் இருந்தன என்பது இன்னொரு பக்கம்.

ஒரு எச்சரிக்கை. சீட்டுகளைக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் சொந்தச் சாதியோடு அவை தற்செயலாகக்கூடப் பொருத்திப் பேசப்படக் கூடாது. நம் வகுப்பறைகளில் இது சின்ன விஷயமல்ல.

அடுத்த நாளுக்கு இன்னும் சுவையான வேலை இருக்கிறது. அதே கோயிலில் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு கல்வெட்டுகள்: ஒன்று 919, மற்றது 921. முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60 வரை; இரண்டாவதில் அது மாறி, விதிகளும் விரிகின்றன. இரண்டே வருடத்தில் ஏன் திருத்த வேண்டி வந்தது? ‘யாரோ தில்லுமுல்லு பண்ணியிருப்பாங்க சார்’ என்று ஒரு குரல் எழும். அதற்கு எந்த வரி ஆதாரம் என்று கேட்பதோடு ஆசிரியர் நிறுத்திக்கொள்வது நல்லது.

உத்திரமேரூர்தான் வேண்டும் என்பதில்லை. பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் பெயர்களை மறைத்துவிட்டு, பெண் பிள்ளைகள் எந்த ஆண்டிலிருந்து கூடுகிறார்கள், தகப்பனார் தொழில் எப்படி மாறுகிறது என்று எண்ணச் சொல்லலாம். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த சேதி புதுச்சேரிக்கு எப்படி வந்தது என்பதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களைக் காசில்லாமல் படிக்கலாம். பொருள் கிடைக்காததல்ல சிக்கல்.

போர்ஷன் முடிக்க வேண்டும், அதுதான் சிக்கல். கல்வெட்டு எந்த ஊரில் இருக்கிறது என்று ஒரு மதிப்பெண் வினா கேட்கும்வரை, இரண்டு பாடவேளையை இதற்குச் செலவழிக்கும் ஆசிரியரைத் தலைமையாசிரியர் ஒருமாதிரியாகத்தான் பார்ப்பார். வரைபடத்துக்கு மதிப்பெண் ஒதுக்குவதுபோல, இதுவரை பார்த்திராத ஒரு சான்றின் நாலு வரியைக் கொடுத்து ‘இதிலிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை?’ என்று ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் வினா பொதுத்தேர்வில் வரட்டும். அடுத்த ஜூனில் அந்த அரைப்பக்கத் தாள்கள் தானாகவே ஜெராக்ஸ் கடைக்குப் போகும்.