ஏழங்குல விமானம்

செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியிலே, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர் கரடியனாறு. படுவான்கரைப் பகுதியைச் சேர்ந்த அவ்வூரில் கடலோசை கேட்பதில்லை. வேளாண்மையும் மாடும் மழையுமே அங்குள்ளோர் பேச்சில் மிகுதி. ஆயினும் அவ்வூருக்குக் கிழக்கே உள்ள கடலில், 1942 ஏப்ரல் 9ஆம் நாள் முற்பகலிலே, உலகப் போரின் ஒரு பெருந்துயர் நிகழ்ந்தது. பிரித்தானியரின் விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிஸ், யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இரையாகி மூழ்கியது. கப்பலின் தலைவரோடு முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்றும் அக்கப்பல் மட்டக்களப்புக் கடலடியில், ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்திலே கிடக்கின்றது.

விமானங்களைச் சுமப்பதற்கென்றே கட்டப்பட்ட அக்கப்பலில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் திருகோணமலையை அடுத்த சீனன்குடாவிலே கரையிறக்கப்பட்டிருந்தன. காப்பாற்ற வரவேண்டிய போர்விமானங்களும் உரிய வேளையில் வரவில்லை. ஏன் வரவில்லை? இவ்வினாவுக்கு விடை காண நூல்கள் பல உண்டு. கையாற் செய்து கண்டறியும் வழியும் ஒன்று உண்டு. அப்போர்விமானத்தின் சிறு உருவொன்றைப் பிளாஸ்ரிக்கிலே அமைத்துப் பார்ப்பதே அவ்வழி.

அன்று இலங்கை வானைக் காத்த முதன்மையான விமானத்தின் பெயர் ஹரிக்கேன். சூறாவளி என்பது அதன் பொருள். 1978 நவம்பரிலே சூறாவளியின் சீற்றத்தை நேரிற் கண்ட மட்டக்களப்பு மக்களுக்கு அப்பெயரை விளக்கவேண்டியதில்லை. சிட்னி காம் என்பார் வடிவமைத்த இவ்விமானம் 1935 நவம்பரில் முதன்முறை பறந்தது. போர் முடிவதற்குள் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. 1942 மார்ச் மாதத்திலே, இன்டொமிற்றபிள் என்னும் கப்பல் கொண்டுவந்த ஹரிக்கேன்கள் இலங்கையை அடைந்தன. இரத்மலானையிலும், கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலிலும், சீனன்குடாவிலும் ஹரிக்கேன் அணிகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும், 9ஆம் நாள் திருகோணமலையிலும் அவை யப்பானிய விமானங்களை எதிர்த்துப் போரிட்டன.

இவ்விமானத்தின் மாதிரியைச் செய்ய விரும்புவோர் முதலில் அறியவேண்டியது அளவு விகிதம். மாதிரி விமானங்களுக்குப் பெரிதும் வழங்கும் விகிதம் எழுபத்திரண்டில் ஒன்று. ஆறு அடி நீளம் ஓர் அங்குலமாகச் சுருங்குகிறது என்று கொண்டால் கணக்கு எளிது. ஆறடி உயரமுள்ள விமானி ஓரங்குல உயரத்தவனாவான். 40 அடி அகன்ற ஹரிக்கேனின் இறக்கைகள் ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்து நிற்கும்.

இவ்விகிதம் விளையாட்டுக்கு மட்டும் பயன்பட்டதன்று. 1942இன் தொடக்கத்திலே அமெரிக்கக் கடற்படையினர், ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களை மரத்திற் செதுக்கித் தருமாறு தம் நாட்டுப் பள்ளி மாணவரை வேண்டினர். அவற்றுக்கும் இதே விகிதமே விதிக்கப்பட்டது. இவ்வளவான மாதிரியை 35 அடி தொலைவில் நிறுத்திப் பார்த்தால், மெய்யான விமானம் ஏறத்தாழ அரை மைல் தொலைவிலே தோன்றும் அளவாகவே அது தோன்றும். வானில் வருவது நண்பனா பகைவனா என்பதைக் கணப்பொழுதிற் பிரித்தறியப் படைவீரர் இவற்றைக் கொண்டே பழகினர். விமானத்தின் உருவை அறிதல் அன்று உயிர்காக்கும் கல்வியாக இருந்தது.

மரத்தின் இடத்தைப் பின்னர்ப் பிளாஸ்ரிக் பிடித்துக்கொண்டது. 1936இலேயே பிரித்தானியாவில் செலுலோசு வகைப் பொருளாலான மாதிரிகள் விற்பனைக்கு வந்தன. போருக்குப்பின் பொலித்தைரீன் என்னும் பொருள் பரவியது. அதனைச் சூடாக்கி இளக்கி, உருக்கு அச்சினுள் மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தினால், அச்சின் நுண்ணிய கோடுகள் யாவும் அதிற் பதிந்துவிடும். பெட்டியைத் திறப்பவர் காண்பது விமானத்தையன்று. குலையிற் காய்கள் தொங்குவதுபோலச் சட்டங்களிலே ஒட்டிய ஐம்பது அறுபது துண்டுகளையே காண்பார்.

முதலில் அச்சட்டங்களைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துதல் வேண்டும். அச்சிலிருந்து எளிதிற் கழலுவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை எஞ்சியிருந்தால் வண்ணம் பிடிக்காது. துண்டுகளை முறித்தெடுத்தல் ஆகாது. நகவெட்டியாலோ சிறு வெட்டுக்குறட்டாலோ வெட்டியெடுத்து, எஞ்சிய காம்பைக் கூரிய அலகால் மெல்லச் சீவி, நுண்ணிய தேய்ப்புத்தாளால் ஒப்பமாக்க வேண்டும். சிறுவர்கள் அலகைக் கையாளும்போது பெரியோர் ஒருவர் அருகில் இருத்தல் நன்று.

ஒட்டுவதற்குமுன் ஒவ்வொரு துண்டையும் பசையின்றிப் பொருத்திப் பார்த்தல் இக்கலையின் முதல் விதி. இப்பசை, கடதாசி ஒட்டும் பசை போன்றதன்று. பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பைச் சற்றே கரைத்து, இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும் தன்மையது. ஆதலால் ஒட்டியதைப் பிரித்தல் அரிது. ஒரு துளி மிகுந்தாலும் நுண்ணிய கோடுகள் கரைந்து மறையும். அதன் ஆவி தலைவலி தரும். தீயும் எளிதிற் பற்றும். ஆகவே யன்னலைத் திறந்துவைத்து, விளக்கையும் அடுப்பையும் விலக்கியே வேலை செய்யவேண்டும்.

கட்டும் ஒழுங்கு உள்ளிருந்து வெளியே செல்வது. விமானியின் இருக்கையும் கருவிப் பலகையும் முதலில் வண்ணமிடப்படும். உடலின் இரு பாதிகளையும் மூடியபின் அங்கே தூரிகை நுழையாது. பின்னர் அப்பாதிகளை ஒட்டி, இறப்பர் வளையங்களால் இறுக்கி, ஓரிரவு விடவேண்டும். அடுத்து இறக்கைகள். ஹரிக்கேனின் இறக்கை நுனிகள் இருபுறமும் சற்று மேல்நோக்கி எழுபவை. முன்னால் நின்று கண்மட்டத்திற் பார்த்து, இரு நுனிகளும் ஒரே உயரத்தில் உள்ளனவா என உறுதிசெய்தபின்னரே பசையை இறுகவிடவேண்டும்.

இவ்வாறு பொருத்துகையில் விமானத்தின் இயல்பு தானே விளங்கும். உடலின் பின்பாதியிலே வரிவரியாகச் சில மேடுகள் தெரியும். மெய்யான விமானத்தில் அப்பகுதி உலோகத் தகட்டாலானதன்று. சட்டத்தின்மேல் துணி போர்த்தப்பட்டது. அதனால் பழுதுபார்ப்பது எளிதாயிற்று. சில்லுகள் ஒன்றுக்கொன்று மிக விலகி நிற்கும். அகன்று ஊன்றிய அக்கால்களாலே, பந்தயத் திடல் போன்ற அவசர ஓடுபாதையிலும் ஹரிக்கேன் தள்ளாடாது இறங்க முடிந்தது.

வண்ணம் தீட்டுவதில் மட்டக்களப்பின் காற்றே ஆசானாகவும் பகையாகவும் அமையும். மாரியில் வாடை வீசும் நாள்களிலே ஈரம் மிகுதியாதலால், சிலவகை வண்ணங்கள் உலருங்கால் வெண்புகை படிந்தாற்போல மங்கிவிடும். கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களிலோ தூரிகையிலேயே வண்ணம் காயும். தூசியும் வந்து ஒட்டும். கச்சான் காலத்துக் காலைப்பொழுதில், காற்று எழுவதற்குமுன் தீட்டுவதே தக்கது. அடிப்புறத்து இளநிறத்தை முதலிலும், மேற்புறத்து மறைப்பு நிறங்களைப் பின்னரும், மெல்லிய பூச்சுக்களாகப் பூசவேண்டும். கண்ணாடிக் கூண்டுக்கு வெண்ணிறப் பசையே ஏற்றது; கரைக்கும் பசை அதனைக் குருடாக்கிவிடும்.

இறுதியாக, நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிரித்தானிய விமானத்தின் வட்டச் சின்னத்திலே நீலமும் வெள்ளையும் சூழ நடுவிற் சிவப்பு இருந்தது. யப்பானியரின் சின்னமோ செவ்வட்டம். போர்க்களத்திலே இவ்விரண்டும் மயக்கம் தந்தமையால், பின்னர்த் தென்கிழக்காசியப் பகுதியில் நடுச்சிவப்பு நீக்கப்பட்டது. எனவே 1942 ஏப்ரலின் ஹரிக்கேனுக்குச் சிவப்புள்ள சின்னமே பொருந்தும். ஒரு விரல்நுனியளவு வட்டத்துள்ளும் காலம் பதிந்திருக்கிறது.

இவ்வாறு ஏழங்குல விமானம் நிறைவெய்தியபின், தொடக்கத்திற் கேட்ட வினாவுக்குத் திரும்பலாம். விமானத்தைச் சுருக்கிய அதே விகிதத்தில் தொலைவையும் சுருக்கிப் பார்த்தால் விடை புலப்படும்.

கரடியனாற்றில் ஒரு வீட்டு முற்றமே ஹேர்மிஸ் மூழ்கிய கடல் எனக் கொள்வோம். 600 அடி நீளமான அக்கப்பல் அம்முற்றத்தில் எட்டடி நான்கு அங்குலம்; ஒரு பெரிய பாயை விரித்தால் அதன் நீளத்தை மிஞ்சிவிடும். சீனன்குடா அங்கிருந்து ஏறத்தாழ 65 மைல் தொலைவு. எழுபத்திரண்டால் வகுத்தால் ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஹரிக்கேனின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 330 மைல். அதுவும் சுருங்கி, ஓட்டமும் நடையுமாகச் செல்லும் ஒருவனின் வேகமாகிவிடும். மாதிரியைக் கையிலேந்தி ஒருவன் பதுளை வீதியில் ஒன்றரைக் கிலோமீற்றர் அப்பாலிருந்து புறப்பட்டால், முற்றத்தை அடையப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகும். காலம் மட்டும் சுருங்குவதில்லை. அதுவும், புறப்படும் வேளையிலேயே உச்ச வேகம் எய்தினால்தான்.

ஹேர்மிஸ் தாக்கப்பட்டது முதல் மூழ்கியது வரை கழிந்த நேரம் ஏறத்தாழ இருபது நிமிடங்களே. சீனன்குடாத் தளமும் அதன் ஹரிக்கேன்களும் அன்று அதிகாலைக்குப்பின் நிகழ்ந்த தாக்குதலிலே பெரிதும் அடிபட்டிருந்தன. இரத்மலானையிலிருந்து கடற்படையின் புல்மார் விமானங்கள் விரைந்தன. அவை கடக்கவேண்டிய தொலைவு இருமடங்குக்கு மேல். வேகமோ ஹரிக்கேனினும் குறைவு. முற்றத்துக் கணக்கிலே அது மூன்று கிலோமீற்றர், அரை மணி நேர நடை. அவை வந்து சேர்ந்தபோது ஹேர்மிஸ் நீருக்கடியிற் போய்விட்டது. உயிர் தப்பியோரில் ஏறத்தாழ அறுநூறு பேரை, அவ்வழி வந்த வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் கடலிலிருந்து மீட்டது.

வீரர்கள் அஞ்சி நின்றனர் என்றோ, விமானம் தரமற்றது என்றோ எவரேனும் கூறுவாராயின், அவர் அவ்வீதியில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். பன்னிரண்டு நிமிட நடை அவருக்கு விடை கூறும். காவல் தொலைவில் இருந்தது. காப்பாற்றப்பட வேண்டியவர்கள் கடலில் தனித்திருந்தனர். இவற்றுக்கு இடைப்பட்ட இடைவெளியின் பெயரே அம்முந்நூறு உயிர்கள்.

மாதிரி விமானத்தை அலுமாரியின் கண்ணாடிக்குள் வைப்பதோடு பணி முடிந்துவிடுகிறது எனப் பலர் எண்ணுவர். கரடியனாற்றிலோ அதன் வேறொரு பயனைக் காணலாம். ஏழங்குல இறக்கைகளைக் கையிற் கொண்டு வீதியில் நடக்கும் பிள்ளை, கிழக்கே கண்ணுக்கெட்டாத கடலில் உறங்குவோரின் இருபது நிமிடங்களைத் தன் கால்களால் அளந்தறிகிறது.